கோதுமையை விட்டால் சோரியாசிஸ் போகுமா?

பெரம்பலூர் புதிய பஸ் நிலையத்தைச் சுற்றி சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு நடை நடந்து பாருங்கள். பரோட்டாக் கல்லில் தட்டுகிற சத்தம், பேக்கரி வாசலில் டீ குடிக்கிற கூட்டம், கண்ணாடிப் பெட்டிக்குள் பன், பப்ஸ், சமோசா... எல்லாமே கோதுமை! ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய தூரம் மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும்தான். கோதுமைக் கதிரை நேரில் பார்த்தவர்கள் இந்தப் பக்கம் எத்தனை பேர் இருப்பார்கள்? ஆனாலும் கோதுமை சாப்பிடாத நாள் என்று ஒன்று இப்போது அபூர்வம்.

இதே ஊரில் சோரியாசிஸ் வந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். முழங்கை, முழங்கால், தலை என்று சிவந்து தடித்து வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிர்கிறது. அவருக்கு மருந்தைவிட அறிவுரைதான் அதிகமாகக் கிடைக்கும். அதில் லேட்டஸ்ட் அறிவுரை இது: "க்ளூட்டனை நிறுத்திப் பாருங்க, மூணே மாசத்துல தோல் பளிச்சுன்னு ஆயிடும்!" வாட்ஸ்அப்பில் வருகிறது, யூடியூபில் வருகிறது, வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் போனில் சொல்கிறார். யாரும் கெட்ட எண்ணத்தில் சொல்வதில்லை. ஆனால் இது யாருக்குப் பொருந்தும், யாருக்கு வீண் என்று கேட்காமலேயே ஆரம்பித்துவிடுவதில்தான் பிரச்சினை.

முதலில் ஒரு விஷயம். சோரியாசிஸ் தொற்றுநோய் கிடையாது. எத்தனை முறை சொன்னாலும் போதாது என்பதால் மறுபடியும்: ஒட்டாது! உடம்பைக் காப்பாற்ற வேண்டிய நோய் எதிர்ப்பு சக்தியே தோலுக்கு எதிராகக் கிளம்பிவிடுவதால் வருகிற நோய் இது. சாதாரணமாக மேல்தோல் செல் உருவாகி உதிர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும். சோரியாசிஸ் உள்ள இடத்தில் அது சில நாட்களிலேயே நடந்துவிடும். பழையது விழுவதற்குள் புதியது வந்து அடுக்கிக்கொள்கிறது. அதுதான் அந்தச் செதில். பரம்பரை ஒரு காரணம். தொண்டையில் வரும் கிருமித் தொற்று, மனக்கவலை, குடி, புகை, உடல் பருமன், சில மாத்திரைகள் ஆகியவை தூண்டிவிடும். சிலருக்கு மூட்டையும் பிடிக்கும். 2014-ல் உலக சுகாதார சபை சோரியாசிஸை நீடித்த, தொற்றாத நோய் என்று தீர்மானமே போட்டது. முழுக்கக் குணமாக்கும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் கட்டுக்குள் வைக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன.

சரி, க்ளூட்டன் என்றால் என்ன? கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் இருக்கும் புரதம். பரோட்டா மாஸ்டர் மாவை வீசும்போது கிழியாமல் துணி மாதிரி விரிகிறதே, அந்த இழுவை க்ளூட்டனால் வருவது. அரிசி மாவில் பரோட்டா வீச முடியாததற்கும் அதுதான் காரணம். அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், மக்காச்சோளம், வரகு, சாமை, தினை, பருப்பு வகைகள் எதிலும் இது கிடையாது. மைதா, ரவை, சேமியா எல்லாம் கோதுமையின் பிள்ளைகள்தான் என்பதால் அவற்றில் உண்டு.

சிலருக்கு க்ளூட்டன் உண்மையிலேயே விஷம் மாதிரி. சீலியாக் என்கிற நோய் உள்ளவர்களுக்கு அது குடலின் உள்சுவரையே அரித்துவிடும். நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமையை நிறுத்தினால் இந்தக் குழந்தைகள் தேறுவதைக் கவனித்தார். இரண்டாம் உலகப் போரின் கடைசிக் குளிர்காலத்தில் அந்த நாட்டில் ரொட்டியே கிடைக்காத பஞ்சம் வந்தபோது அவருடைய சந்தேகம் உறுதியானது. 1950-ல் அதை ஆய்வேடாகவும் எழுதினார். சீலியாக் நோய்க்கு இன்றுவரை மருந்து என்றால் க்ளூட்டன் இல்லாத சாப்பாடுதான். அதில் சந்தேகமே இல்லை.

சோரியாசிஸுக்கு இது எப்படி வந்தது? சும்மா கிளம்பிய புரளி இல்லை, பின்னால் ஒரு ஆராய்ச்சி இருக்கிறது. ஸ்வீடனில் மிக்கேல்சன் என்பவர் தலைமையில் ஒரு குழு, கோதுமைப் புரதத்துக்கு எதிரான எதிர்ப்பொருள் ரத்தத்தில் இருந்த 33 சோரியாசிஸ் நோயாளிகளையும், அது இல்லாத 6 பேரையும் மூன்று மாதம் க்ளூட்டன் இல்லாமல் சாப்பிடவைத்தது. முடிவு 2000-ல் வெளியானது. எதிர்ப்பொருள் இருந்தவர்களில் 30 பேர் கடைசிவரை தாக்குப்பிடித்தார்கள். அந்தக் குழுவுக்கு மொத்தத்தில் நல்ல முன்னேற்றம். எதிர்ப்பொருள் இல்லாத 6 பேருக்கு? ஒரு முன்னேற்றமும் இல்லை. பழைய சாப்பாட்டுக்குத் திரும்பியபோது அந்த 30 பேரில் 18 பேருக்கு மறுபடியும் அதிகமானது.

வாட்ஸ்அப்பில் வரும் செய்தியில் முதல் பாதி மட்டும்தான் இருக்கும். "க்ளூட்டனை விட்டவர்களுக்கு சரியானது" என்பது வரும், "எதிர்ப்பொருள் இருந்தவர்களுக்கு மட்டும்" என்பது வராது. அதுவும் சின்ன ஆராய்ச்சி. எல்லோருக்கும் தாங்கள் கோதுமையை விட்டிருக்கிறோம் என்று தெரியும். தெரிந்தே செய்யும்போது மனசும் கொஞ்சம் வேலை செய்யும் இல்லையா? 2018-ல் அமெரிக்காவின் தேசிய சோரியாசிஸ் அறக்கட்டளையின் மருத்துவக் குழு, அதுவரை வந்த 55 ஆராய்ச்சிகளை அலசி உணவுப் பரிந்துரை வெளியிட்டது. அதில் அழுத்திச் சொன்னது ஒன்றுதான்: எடை அதிகமாக இருப்பவர்கள் எடையைக் குறைக்க வேண்டும். க்ளூட்டன் இல்லாத உணவு? ரத்தப் பரிசோதனையில் அதற்கான அடையாளம் இருப்பவர்களுக்கு மட்டும் என்று, அதையும் அழுத்தமில்லாமல்தான் சொன்னது.

இது வெளிநாட்டுக் கதை, நம் பக்கத்துக்கு என்ன என்று கேட்கலாம். அதற்கும் பதில் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி., டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் சேர்ந்து வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,331 பேரைப் பரிசோதித்து 2016-ல் முடிவை வெளியிட்டார்கள். தெற்குக்கு எடுத்துக்கொண்ட இடம் வேலூர். வடக்கே ஆயிரம் பேரில் எட்டுப் பேருக்கு மேல் சீலியாக். தெற்கே பத்தாயிரம் பேரில் ஏறக்குறைய ஒருவர்! சீலியாக் வருவதற்குத் தேவையான மரபணு வடக்கே 38 சதவீதம் பேரிடம் இருந்தது, தெற்கே 36 சதவீதம் பேரிடம் இருந்தது. பெரிய வித்தியாசம் இல்லை. வித்தியாசம் தட்டில்தான். வடக்கே ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிட்ட கோதுமை சராசரியாக 455 கிராம். தெற்கே 25 கிராம், அதாவது ஒரு சின்ன சப்பாத்திக்கான மாவு!

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் ஒன்று புரியும். கோதுமைதான் சோரியாசிஸுக்கு மூலகாரணம் என்றால், காலம் காலமாகச் சோளச்சோறும் கம்மங்கூழும் வரகரிசியும் நெல்லுச்சோறும் சாப்பிட்ட பூமியில் இந்த நோய் இருந்திருக்கவே கூடாது. ஆனால் இருந்தது. காளாஞ்சகப்படை என்று சித்த மருத்துவத்தில் அதற்குப் பெயரே இருக்கிறது. வெட்பாலை இலையைத் தேங்காய் எண்ணெயில் ஊறவைத்து வெயிலில் காயவைத்துத் தைலம் எடுக்கும் பழக்கமும் இருக்கிறது. பரோட்டாக் கடை வருவதற்கு முன்பே இருந்த நோய்க்குப் பரோட்டாவை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது சரியில்லை.

அப்படியானால் "எனக்கு சரியாச்சு" என்கிறவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நிஜமாகவே சிலருக்குக் குறைகிறது. ஏன் குறைந்தது என்பதில்தான் தப்புக் கணக்கு.

அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டும் ஒரு டிரைவரை வைத்துக்கொள்வோம். ராத்திரி பத்து மணிக்கு ஹைவே ஓட்டலில் நாலு பரோட்டா, சால்னா, ஒரு ஆம்லெட், சில நாள் அதற்கு முன்னால் குவார்ட்டர். க்ளூட்டனை விட்டேன் என்று அவர் முடிவெடுத்த அன்று பரோட்டா போகிறது. கூடவே எண்ணெய் போகிறது, பேக்கரிச் சர்க்கரை போகிறது, கட்டுப்பாடாக இருக்கிறோமே என்று குவார்ட்டரும் போகிறது. மூன்று மாதத்தில் ஆறேழு கிலோ குறைகிறார். சோரியாசிஸும் தணிகிறது. பாராட்டு யாருக்கு? க்ளூட்டனுக்கு! காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரே மாதத்தில் வாடகையைக் குறைத்து, ஆளைக் குறைத்து, விலையையும் ஏற்றிவிட்டு, லாபம் வந்ததற்குக் கடை போர்டை மாற்றியதுதான் காரணம் என்று சொன்னால் எந்த ஆடிட்டர் ஒத்துக்கொள்வார்?

அடுத்தது பருவம். சோரியாசிஸ் ஏறும், இறங்கும். மார்கழிக் குளிரில் பலருக்கு அதிகமாகும். பங்குனி, சித்திரை வெயிலில் பலருக்குத் தானாகவே குறையும். வெயிலில் இருக்கும் புற ஊதாக் கதிருக்கு சோரியாசிஸைத் தணிக்கும் சக்தி உண்டு. ஆஸ்பத்திரிகளில் அதே கதிரை விளக்கு வழியாகக் கொடுக்கும் சிகிச்சையே இருக்கிறது. நோய் உச்சத்தில் இருக்கும்போதுதான் யாருமே புதுப் பத்தியத்தை ஆரம்பிப்பார்கள். பொங்கல் முடிந்து ஆரம்பித்தவருக்கு சித்திரையில் குறைந்தால், அது பத்தியமா, பெரம்பலூர் வெயிலா? அடுத்த மார்கழி வரை பார்க்காமல் சொல்ல முடியாது.

இன்னொன்றும் உண்டு. க்ளூட்டனால் நேரடியாக வருகிற தோல் நோய் ஒன்று நிஜமாகவே இருக்கிறது. முழங்கை, முழங்கால், பிட்டம் ஆகிய இடங்களில் சின்னச் சின்னக் கொப்புளங்களும் தாங்க முடியாத அரிப்பும் வரும். அது சோரியாசிஸ் அல்ல, சீலியாக்கின் உறவு. வருகிற இடங்கள் ஒன்றாக இருப்பதால் பார்வைக்குக் குழம்பலாம். இவர்களுக்குக் கோதுமையை விட்டால் கண்டிப்பாகக் குணம் தெரியும். அதனால்தான் எது என்ன நோய் என்று தோல் டாக்டர் பார்த்துச் சொல்வது முக்கியம்.

"சரிப்பா, பலன் இருக்கோ இல்லையோ, விட்டுப் பார்க்கறதுல என்ன நஷ்டம்? நம்ம ஊர்ல அரிசிதானே சோறு?" இதுதான் எல்லோரும் கேட்கும் கேள்வி. நியாயமான கேள்வியும்கூட. டெல்லிக்காரருக்கு க்ளூட்டனை விடுவது வாழ்க்கையையே மாற்றுவது மாதிரி. இட்லி, சோறு, குழம்பு என்று சாப்பிடுகிறவருக்கு அது பாதி வேலைதான். ஆனால் நஷ்டம் இல்லாமல் இல்லை.

முதல் நஷ்டம், சர்க்கரைக்காரர்களுக்கு. சோரியாசிஸ் இருப்பவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பும் அதிகம். சர்க்கரைக்காக ராத்திரி சப்பாத்திக்கு மாறியவர், இப்போது சோரியாசிஸுக்காக சப்பாத்தியை விட்டுவிட்டு மறுபடி ஒரு தட்டு நிறையச் சோறு சாப்பிட்டால் சர்க்கரை என்ன ஆகும்?

இரண்டாவது, பத்தியத்துக்கு மேல் பத்தியம். சித்த மருத்துவத்தில் தோல் நோய்க்குக் "கரப்பான் பண்டம்" என்று விலக்குகிற பட்டியலில் கத்தரிக்காய், கருவாட்டோடு சோளம், கம்பு, வரகும் வரும். க்ளூட்டன் பட்டியலோ கோதுமையை விட்டுவிட்டு அதே சோளம், கம்பு, வரகைத்தான் சாப்பிடச் சொல்கிறது! இரண்டு பட்டியலையும் ஒன்றாகக் கடைப்பிடிப்பவருக்கு மிஞ்சுவது வெறும் அரிசிச்சோறும் ரசமும். அப்படி மாதக்கணக்கில் சாப்பிட்டால் தோல் தேறுவது இருக்கட்டும், உடம்பே தளர்ந்துவிடும்.

மூன்றாவது, பணம். "க்ளூட்டன் ஃப்ரீ" என்று அச்சடித்த மாவும் பிஸ்கட்டும் சாதாரண மாவைவிடப் பல மடங்கு விலை. ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் க்ளூட்டன் இருக்கக் கூடாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. சீலியாக் உள்ளவருக்கு அந்த முத்திரை அவசியம். மற்றவர்களுக்கு? ரேஷன் அரிசியிலும் உழவர் சந்தைக் கேழ்வரகிலும் கோதுமை கலக்காத வரை க்ளூட்டன் இல்லை. போர்டு மட்டும்தான் இல்லை!

நான்காவதுதான் பெரியது: மருந்தை நிறுத்துவது. "சாப்பாட்டுலயே சரியாகும்போது எதுக்கு மாத்திரை?" என்கிற ஒரு வரிதான் ஆபத்து. மூட்டைப் பிடிக்கும் வகை சோரியாசிஸ் இருப்பவர் ஆறு மாதம் மருந்தில்லாமல் பத்தியம் இருந்தால், அந்த ஆறு மாதத்தில் கோணிப்போன விரல் பிறகு எந்த மருந்துக்கும் நேராகாது. யாரோ கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நிறுத்தினால் உடம்பு முழுக்கச் சிவந்து சீழ்க் கொப்புளமாக வெடித்து உயிருக்கே ஆபத்தாகலாம். தட்டில் இருப்பதை மாற்றுவது வேறு, மாத்திரையை நிறுத்துவது வேறு.

ஐந்தாவது கணக்கில் வராத நஷ்டம். சோரியாசிஸ் வந்தவர் ஏற்கெனவே எவ்வளவு தாங்குகிறார்? சலூனில் முகச்சுளிப்பு, பஸ்ஸில் பக்கத்து சீட் காலியாகவே இருப்பது, பெண் பார்க்க வந்தவர்கள் முழுக்கை ஜாக்கெட்டைப் பற்றிக் கேட்பது, வீட்டிலேயே தனி சோப்பு, தனி டம்ளர்... இதோடு "வாயைக் கட்டியிருந்தா வந்திருக்குமா? அன்னிக்குக் கல்யாணத்துல பூரி சாப்பிட்டியே, அதான்!" என்பதும் சேர்ந்துகொள்கிறது. நோய் வந்தது அவர் தப்பு இல்லை. குறையாமல் போனதும் அவர் தப்பு இல்லை. சாப்பாட்டைக் காரணமாக்கும்போது நோயாளியையே குற்றவாளியாக்கிவிடுகிறோம். மனக்கவலை சோரியாசிஸை அதிகமாக்கும் என்று தெரிந்துகொண்டே இதைச் செய்வது என்ன நியாயம்?

அப்படியானால் க்ளூட்டனை விடவே கூடாதா? அப்படி இல்லை. முறையாகச் செய்தால் பலன் தெரியும், அல்லது பலன் இல்லை என்பதாவது தெளிவாகத் தெரியும். முறை இதுதான்:

1. முதலில் தோல் டாக்டரிடம் காட்டி சோரியாசிஸ்தானா என்று உறுதி செய்ய வேண்டும்.

2. கோதுமையை நிறுத்துவதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை. டிடிஜி எதிர்ப்பொருள் என்று கேட்டால் டாக்டர் எழுதித் தருவார். பல பேர் தலைகீழாகச் செய்வது இதைத்தான். மூன்று மாதம் கோதுமை இல்லாமல் இருந்துவிட்டுப் பரிசோதித்தால், நோய் இருந்தாலும் இல்லை என்று வரலாம். அடிக்கடி வயிற்றுப்போக்கு, எவ்வளவு மாத்திரை போட்டாலும் ஏறாத ரத்தசோகை இருப்பவர்கள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

3. பாசிட்டிவ் என்றால் குடல் டாக்டரைப் பார்க்க வேண்டும். சீலியாக் உறுதியானால் அரைகுறைப் பத்தியம் உதவாது. பரோட்டாவை விட்டால் மட்டும் போதாது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும். பாலில் கலக்கும் மால்ட் சத்துமாவில் பார்லி இருக்கும். ஃப்ரைட் ரைஸில் ஊற்றும் சோயா சாஸில் கோதுமை இருக்கும். ரவா தோசை பெயரிலேயே இருக்கிறது!

4. நெகட்டிவ் என்றால் க்ளூட்டனை மறந்துவிடலாம். எடை, குடி, பீடி சிகரெட் இந்த மூன்றில் எது இருக்கிறதோ அதில் கை வைப்பதுதான் லாபம். அதற்காகப் பரோட்டாவைக் குறைத்தால் ரொம்ப நல்லது. ஆனால் காரணம் க்ளூட்டன் இல்லை என்று தெரிந்து குறைக்கட்டும். அப்போதுதான் கல்யாண வீட்டில் ஒரு பூரி சாப்பிட்டதற்கு யாரும் குற்றவுணர்ச்சியில் தூங்காமல் கிடக்க மாட்டார்கள்.

5. எது செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரு மாற்றம். தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை அதே இடத்தைப் போட்டோ எடுத்து வைத்தால் ஞாபகம் ஏமாற்றாது.

6. டாக்டர் சொல்லாமல் மருந்தை நிறுத்தக் கூடாது. சித்த மருந்து எடுப்பவரானாலும் முறையாகப் படித்த சித்த மருத்துவரிடம் போய், இங்கிலீஷ் மருந்து எடுப்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

இதற்கெல்லாம் சென்னைக்கோ திருச்சிக்கோ ஓட வேண்டும் என்றும் இல்லை. பெரம்பலூரில் மாவட்டத் தலைமை மருத்துவமனை இருக்கிறது. அரியலூரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரியே வந்துவிட்டது. ஓ.பி. சீட்டு வாங்கி வரிசையில் நிற்கும் அரை நாள்தான் செலவு. பத்து வீடியோ பார்க்கும் நேரத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம்!

வேலூர் ஆராய்ச்சியில் வந்த 25 கிராம் இன்று அதே 25 கிராமாக இருக்குமா என்பது சந்தேகம். பேக்கரிகள் பெருகிவிட்டன, ஓட்டல்களில் ராத்திரி டிபன் என்றாலே பரோட்டா, சப்பாத்தி என்றாகிவிட்டது, வீட்டில் காலையில் ரவை உப்புமா, சேமியா. மரபணு அதேதான் இருக்கிறது, கோதுமை ஏறுகிறது. அதனால் சீலியாக் தெற்கே வராத நோய் என்று டாக்டர்களும் அலட்சியமாக இருக்க முடியாது. கேட்கிற நோயாளிக்கு அந்த ஒரு பரிசோதனையைச் சிரிக்காமல் எழுதித் தர வேண்டும்.

மற்றவர்கள் செய்ய வேண்டியது அதைவிடச் சுலபம். முழங்கையில் செதிலோடு ஒருவர் பஸ்ஸில் உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் உட்காரலாம். அவர் கையில் பன் இருந்தால், அதைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் இருக்கலாம்.